முறையில்லாச் சதுரங்கம்

2002ஆம் ஆண்டு ஷிஸ்மூ கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் இணையத்தில் ‘குங்ஃபூ செஸ்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதே அறுபத்து நான்கு கட்டம், அதே முப்பத்திரண்டு காய்கள். யானை நேராகப் போகும், குதிரை தாவும், சிப்பாய் குறுக்கே வெட்டும். எடுத்துவிட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: ‘உன் முறை, என் முறை’ என்பது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே சமயத்தில், எந்தக் காயை வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் நகர்ந்த காய் சில நொடிகள் ஓய்ந்து நின்றாக வேண்டும், அந்த ஓய்வு தீரும்வரை அதைத் தொட முடியாது. செக் கிடையாது, மேட் கிடையாது. எதிரியின் ராஜாவை வெட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. செஸ் தெரிந்தவர்களில் பலர் இதை வேடிக்கை என்று ஒதுக்கினார்கள், சிலர் செஸ்ஸுக்கே அவமானம் என்றார்கள். சதுரங்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே சரியாகப் படவில்லை. காத்திருத்தலை எங்கே வைப்பது என்ற கேள்வியோடு இந்த ஆட்டம் ஆயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. குங்ஃபூ செஸ் காத்திருத்தலை ஒழிக்கவில்லை. ஆளிடம் இருந்ததை எடுத்துக் காயிடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

சதுரங்கத்தின் பெரிய விதிமாற்றங்கள் பலவற்றுக்குப் பின்னால் பொறுமையின்மை இருந்திருக்கிறது. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நான்கு பேர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரிக்கிறார். எந்தக் காய் நகர வேண்டும் என்பதை அங்கே பகடையில் விழும் எண் சொல்லிவிடும். யோசிக்க வேண்டிய பாரத்தில் பாதி அதிலேயே குறைந்துவிடுகிறது. 1283இல் செவில் நகரில் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ முடித்த விளையாட்டு நூல் இன்னும் வெளிப்படை. சதுரங்கம் நீண்டுகொண்டே போய்ச் சலிப்பூட்டியதால்தான் ஆட்டத்தை விரைவுபடுத்தப் பகடையைச் சேர்த்தார்கள் என்று அது காரணத்தையே எழுதிவைத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் ஸ்பெயின் பக்கம் தொடங்கிய மாற்றம் இவற்றைவிடப் பெரிது. ஒரு கட்டம் குறுக்கே மட்டும் நகர்ந்துகொண்டிருந்த மந்திரி, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாயும் ராணியாக மாறினார். இரண்டு கட்டம் தாண்டிக்கொண்டிருந்த காய் நீண்ட குறுக்குக் கோடு முழுவதும் ஓடும் பிஷப் ஆனது. எதிரிப் படைகள் ஒன்றையொன்று தொடுவதற்கே பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் ஆகும் என்ற நிலை போய், நான்காவது நகர்விலேயே மேட் விழக்கூடிய ஆட்டம் பிறந்தது.

அந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. அரபு உலகில் அல்அத்லீ, அஸ்ஸூலி போன்ற மேதைகள் நூற்றாண்டுகளுக்கு முன் தொகுத்துவைத்த புதிர்களில் பெரும் பகுதி புதிய விதியில் பொருளற்றுப் போனது. அஸ்ஸூலி விட்டுச்சென்ற ஒரு புதிரைச் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் 1980களில் விடுவித்தபோது, அது செத்துப்போன மொழி ஒன்றின் கல்வெட்டைப் படித்தது போலத்தான் இருந்தது. 1497இல் சலமான்காவில் அச்சான லூசேனாவின் நூலில் பழைய விதிப் புதிர்களும் புதிய விதிப் புதிர்களும் பக்கத்துப் பக்கத்தில் கலந்து கிடக்கின்றன. இரண்டில் எது பிழைக்கும் என்று அப்போது தெளிவாகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ‘விதியை இப்படி மாற்றிவிட்டால் அது சதுரங்கமே அல்ல’ என்கிறவர்கள் 1490களில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்த மாற்றங்கள் எல்லாம் காய்களைத்தான் விரைவாக்கின, ஆட்களை அல்ல. முறை வந்தவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசிக்கலாம் என்ற நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை நீடித்தது. 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் எலைஜா வில்லியம்ஸ் என்பவர் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி ஹோவர்ட் ஸ்டான்டன் புலம்பித் தீர்த்தார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டங்களில் அதே வில்லியம்ஸிடம் தோற்றவர் அவர் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோற்றவரின் புகார் என்றாலும் அதில் நியாயம் இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணல் கடிகாரம் மேசைக்கு வந்தது: ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரத்தில் இருபத்து நான்கு நகர்வு. 1883 லண்டன் போட்டியில், மான்செஸ்டர் செஸ் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் அறிமுகமானது. ஆடும் சட்டம் ஒன்றின் இரு முனைகளிலும் இரண்டு ஊசல் கடிகாரங்கள். காயை நகர்த்திவிட்டு உங்கள் பக்கத்தைச் சாய்த்தால் உங்கள் ஊசல் நின்றுவிடும், நிமிர்ந்துகொண்ட எதிர்ப்பக்க ஊசல் ஆடத் தொடங்கும். எளிய இயந்திரம்தான், ஆனால் அன்றிலிருந்து நேரமும் ஒரு காய் ஆகிவிட்டது. பலகையில் வெற்றி நிலையில் இருப்பவர் கடிகாரத்தில் தோற்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகளைக் கூட்டிக் கொடுக்கும் கடிகாரத்துக்குப் பாபி ஃபிஷர் 1989இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதும் இதே கதையின் தொடர்ச்சி.

இன்னொரு கிளை சதுரங்கத்திலிருந்து பிரிந்து வேறு திசையில் போனது. வீடியோ கேமின் உண்மையான முன்னோர் அந்தக் கிளையில்தான் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. 1780இல் பிரன்ஸ்விக்கில் கணிதப் பேராசிரியர் ஹெல்விக், 1,617 கட்டங்கள் கொண்ட பலகையில் மலை, ஆறு, சதுப்பு என்று நிலத்துக்கேற்ப நிறம் பூசி, சதுரங்கக் காய்களைப் படைப்பிரிவுகளாக்கினார். அங்கே முறை இன்னும் இருந்தது. பிரஷ்யாவில் தந்தை ரைஸ்விட்ஸ் 1812இல் மன்னருக்குக் காட்டி, மகன் ரைஸ்விட்ஸ் 1824இல் செம்மைப்படுத்திய போர் விளையாட்டில்தான் அது உடைந்தது. இரு தரப்பும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இரு படைகளும் சேர்ந்தே நகரும். மோதினால் பகடையும் நடுவரின் தீர்ப்பும். போர்க்களத்தில் எதிரி ‘என் முறை’ என்று காத்துக்கொண்டிருப்பதில்லை என்பதை அதிகாரிகளுக்குப் பழக்க வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் இருவர் நகர்ந்தால் என்ன ஆகும் என்று முடிவு சொல்ல மூன்றாவதாக ஒருவர் தேவை என்பதும் அங்கேதான் முதலில் புரிந்தது. அந்த மூன்றாமவரைத்தான் இன்று நாம் சர்வர் என்கிறோம்.

செஸ் கழகங்களுக்குள்ளேயும் முறை ஏற்கெனவே ஓரளவு கழன்றுதான் இருந்தது. பக்ஹவுஸ் என்ற நால்வர் ஆட்டத்தில் இரண்டு பலகைகள், இரண்டு அணிகள். நான் வெட்டிய காய் என் கூட்டாளிக்குப் போகும், அவர் அதைத் தன் பலகையில் இறக்கிவிடலாம். ஒவ்வொரு பலகையிலும் முறை உண்டு. ஆனால் இரண்டு பலகைகளுக்கும் இடையே முறை என்று எதுவும் இல்லை. கூட்டாளி ஒரு குதிரையை வெட்டித் தரும்வரை நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது அங்கே ஒரு தேர்ந்த உத்தி. கணினி வருவதற்குக் காத்திராமல், மரப்பலகையிலேயே நிகழ்நேரச் சதுரங்கம் பாதி பிறந்துவிட்டது என்பேன்.

கணினி வந்த பிறகும் முறையில் கை வைக்கத் தயக்கம் இருந்தது. 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஆர்கான்’ சாமர்த்தியமான சமரசம். ஒன்பதுக்கு ஒன்பது பலகை, பக்கத்துக்குப் பதினெட்டுக் காய்கள், முறை வைத்தே நகர்வு. ஆனால் ஒரு காய் எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நுழைந்தால் வெட்டு தானாக விழாது. திரை மாறும், இரண்டு காய்களும் களத்தில் இறங்கி ஜாய்ஸ்டிக்கால் சண்டையிட வேண்டும். சிப்பாய்க்குச் சமமான காய்கூடக் கை சாமர்த்தியத்தால் பெரிய காயை வீழ்த்தலாம். கட்டங்களில் சில வெளிச்சத்துக்கும் இருளுக்கும் மாறிக்கொண்டே இருக்க, தன் நிறக் கட்டத்தில் நிற்பவருக்குப் பலம் கூடும். ஆகவே எங்கே மோதுவது என்பதில் திட்டமும், எப்படி மோதுவது என்பதில் வேகமும் என்று வேலை பிரிந்தது. 1988இன் ‘பேட்டில் செஸ்’ இதற்கு நேர்மாறு. காய்கள் வாளெடுத்து வெட்டிக்கொள்ளும் அசைபடம் மட்டும்தான் அதில் புதுமை, ஆட்டம் பழையபடியே. ஒவ்வொரு நகர்வுக்கும் காய் நடந்து போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததால், விரைவைக் காட்டுவதற்காக வந்த தொழில்நுட்பம் சதுரங்கத்தை முன்னைவிட மெதுவாக்கியது.

இப்படி ஓரங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்ததுதான் குங்ஃபூ செஸ்ஸின் துணிச்சல். ஓய்வு நேரம் என்ற ஒற்றை விதி எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு நிலையில் வைத்துப் பார்க்கலாம். ஓய்வு பத்து நொடி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, திறந்த வழியில் ராணியை உடனே ஹெச்5 வரை ஓட்டுகிறது. வழக்கமான செஸ்ஸில் கறுப்பு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்து ராணியைத் துரத்தும். இங்கேயும் அப்படிச் செய்யலாம். ஆனால் குதிரை நகர்ந்ததும் அதுவும் பத்து நொடி ஓய்வெடுக்க வேண்டும். ராணி அதற்கு முன்பே நகர்ந்தது, ஆகவே முன்பே விடுபடும், நிதானமாகத் தப்பிவிடும். அதாவது, நகர்ந்து வந்து மிரட்டும் காய் எப்போதும் பிந்தியே இருக்கும். இப்போது அதே ராணி ஒரு கட்டம் முன்னதாக, ஜி4இல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு டி7 சிப்பாயைத் தள்ளுகிறது. சிப்பாய்க்குப் பின்னால் சி8இல் நின்ற பிஷப் இதுவரை அசையவே இல்லை, அதனால் அதற்கு ஓய்வும் இல்லை. வழி திறந்த அந்த நொடியே பாய்ந்து ராணியை வெட்டிவிடும். வழக்கமான ஆட்டத்தில் சிப்பாய் நகர்ந்தபின் வெள்ளைக்கு ஒரு முறை கிடைத்திருக்கும், ராணி பிழைத்திருக்கும். ஒரு காய் விலக, பின்னால் இருக்கும் காய் தாக்குவது செஸ்ஸில் பல உத்திகளில் ஒன்று. இங்கே அதுவே தலையாய ஆயுதம். அசையாமல் நிற்கும் காய்க்குத்தான் பலம், பெரிய காயைவிட ஓய்ந்த காய்க்கே மதிப்பு என்று மொத்தக் கணக்கும் திரும்பிவிடுகிறது. இதில் சிந்தனைக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது. வேறு சிந்தனை, அவ்வளவே.

கை வேகம்தான் ஜெயிக்கும், மூளைக்கு வேலை இல்லை என்ற எதிர்ப்பு இதனால் பாதி அடிபட்டுப் போகிறது. ஓய்வு விதி இருக்கும்வரை எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்தாலும் பதினாறு காய்களுக்கு மேல் ஓட்ட முடியாது. எல்லாவற்றையும் ஓட்டியவர் பத்து நொடி நிராயுதபாணி. மீதிப் பாதிக்கு நம் ஊர் ஆளையே சாட்சிக்கு அழைக்கலாம். மெட்ராஸ் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய மிகயில் தால் செஸ் கழகத்தில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், சிறுவயதிலேயே மின்னல் வேகத்துக்குப் பெயர் போனவர். 2003இல் அவர் உலக ரேபிட் சாம்பியன். 2017இல் ரியாத்தில் அதே பட்டத்தை மறுபடி வென்றபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் அவர் வயதில் பாதிகூட இல்லை. கை வேகமே எல்லாம் என்றால் அது நடந்திருக்காது. வேகமான ஆட்டத்திலும் கண்ணுக்கு முதலில் எது படுகிறது என்பதே தீர்மானிக்கிறது, அது பல வருடப் பயிற்சியின் சொத்து.

வலையமைப்பு தொடர்பான எதிர்ப்புக்கு இன்னும் கனம் அதிகம். 1992இல் இணையச் செஸ் சர்வர் தொடங்கியபோதே, தொலைவிலிருந்து ஆடியவர்களின் நேரம் கம்பியில் கரைந்துபோகிறது என்ற முறையீடு எழுந்தது. நகர்த்த எடுத்துக்கொண்ட நேரத்தை ஆடுபவரின் கணினியிலேயே குறித்து அனுப்பும் சிறு நிரல்களைக் கொண்டு அதைச் சரிசெய்தார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம் முறை இருந்தது. ஒருவர் யோசிக்கும்போது மற்றவர் சும்மா இருப்பதால், வழியில் போன நேரத்தைக் கழித்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. முறை இல்லாத ஆட்டத்தில் அந்தக் கழித்தல் நடக்காது. என் பிஷப் கிளம்பியது முதலிலா, உங்கள் ராணி தப்பியது முதலிலா என்பதைச் சர்வர் தனக்கு வந்து சேர்ந்த வரிசையில்தான் சொல்லும். சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது சலுகை. வெள்ளை முதலில் நகர்வதால் கிடைக்கும் சிறு அனுகூலத்தை நிகழ்நேர ஆட்டம் ஒழித்தது உண்மை. அதன் இடத்தில் கம்பியின் நீளத்தால் வரும் அனுகூலத்தைக் கொண்டுவந்து வைத்ததும் உண்மை.

இருந்தும் இந்த ஆட்டம் வேரூன்றாமல் போனதற்குக் காரணம் கை வேகமோ வலையமைப்போ அல்ல என்றே நினைக்கிறேன். சதுரங்கம் எழுதிவைக்கப்படும் விளையாட்டு. அல்அத்லீயின் புதிர்களும், பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிரேகோ கைப்பட எழுதி விற்ற ஆட்டங்களும், இன்றைய கோடிக்கணக்கான ஆட்டங்களின் தரவுத்தளமும் எல்லாமே ஒரு வரிசையை நம்பி நிற்கின்றன: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. அந்த வரிசை இருப்பதால்தான் இறந்துபோன ஒருவரின் ஆட்டத்தைப் பலகை இல்லாமலே ஒரு தாளில் படிக்க முடிகிறது. முறையை நாம் நியாயத்துக்கான ஏற்பாடு என்று நினைக்கிறோம். அது நினைவுக்கான ஏற்பாடு. 2020இல் முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கும் டீப்மைண்ட் ஆய்வாளர்களும் தானே ஆடிக் கற்கும் ஆல்ஃபாஸீரோ நிரலைக் கொண்டு ஒன்பது விதிமாற்றங்களைச் சோதித்தார்கள். கோட்டை கட்டுவதை நீக்கினார்கள், சிப்பாயைப் பின்னோக்கி நடக்கவிட்டார்கள், சொந்தக் காயையே வெட்டவும் அனுமதித்தார்கள். முறையை மட்டும் தொடவில்லை. தொட்டிருந்தால், அதுவரை எழுதப்பட்ட எதோடும் ஒப்பிட முடியாத ஆட்டம் கிடைத்திருக்கும்.

நிகழ்நேர வீடியோ கேம்களில் பதிவு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2001இல் வந்த திருத்தம் ஒன்றின் மூலம் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டங்களைச் சேமித்து மறுபடி ஓட்டிப் பார்க்க வழி பிறந்தது, அதைச் சுற்றியே ஒரு பயிற்சி மரபு உருவானது. ஆனால் அதைப் பார்க்கத்தான் முடியும், படிக்க முடியாது. பத்து நிமிட ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் திரைக்கு முன் உட்கார வேண்டும். வேகத்துக்கு ஏங்கிய செஸ் ஆட்டக்காரர்கள் அந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை, பின்வாசல் வழியாக அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தில் ப்ரீமூவ் என்று ஒரு வசதி உண்டு. எதிரி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் அடுத்த நகர்வைப் பதிந்துவிடலாம். அவர் நகர்த்தியதும் அது தானாக விழும். சில தளங்களில் அதற்கு நேரமே கழிவதில்லை, வேறு சிலவற்றில் நொடியில் பத்தில் ஒரு பங்கு. இருவரும் ஒரே சமயத்தில் காய் ஓட்டிக்கொண்டிருக்க, காகிதத்தில் மட்டும் முறை ஒழுங்காக விழுகிறது. நிகழ்நேரச் சதுரங்கத்தின் சந்தையைக் கவர்ந்துகொண்டது இந்த ஏற்பாடுதான்.

ஆகவே இன்று ஒருவர் மறுபடி முறையில்லாச் சதுரங்கம் வடிவமைக்க உட்கார்ந்தால், அழகான அசைபடத்தைவிட எழுத்து முறையை முதலில் யோசிப்பது நல்லது. மகன் ரைஸ்விட்ஸின் இரண்டு நிமிடச் சுற்றை அரை நொடியாகச் சுருக்கினால் போதும். ஒவ்வோர் அரை நொடியிலும் இருவரிடமிருந்தும் வந்த கட்டளைகளைச் சர்வர் சேர்த்துவைத்து ஒன்றாக நிறைவேற்றும். ஆடுபவருக்கு அது நிகழ்நேரமாகவே தெரியும். பதிவிலோ ஒவ்வொரு துடிப்பும் எண்ணிட்ட ஒரு வரி. எதுவும் நடக்காத வரிகளை எழுதத் தேவையில்லை. கம்பியின் நீளத்தால் வரும் சலுகையும் அரை நொடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே துடிப்பில் இரண்டு எதிரிக் காய்கள் ஒரே கட்டத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் மிச்சம். முதலில் கிளம்பியது வெல்லும் என்று வைக்கலாம், பெரிய காய் வெல்லும் என்றும் வைக்கலாம். இரண்டுமே விழும் என்ற விதியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். யார் முந்தியவர் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அதில் சர்வருக்கு இல்லை. ராஜாவைக் கொண்டுபோய் மோதவிடவும் யாரும் துணிய மாட்டார்கள்.